இடுப்பளவுத் தண்ணீரின் சூடு

எங்கள் ஊர் ஏரித்தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு சூடாக இருக்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது?

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஏரி அது. எழுபதுகளின் கடைசியில் அதில் நாலு பெடல் படகு விட்டு, கரையில் சிமெண்ட் பெஞ்சும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சேலத்திலிருந்துகூட ஜனம் வந்து படகு மிதித்து, ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போகும். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கோ என் மகளின் கால் அந்தத் தண்ணீரில்தான் இருந்தது.

ஒன்றரை வயதில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு காலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார்கள். சேலத்து டாக்டர் ஒருவர், "வெதுவெதுப்பான தண்ணியில எறக்கி, தெனமும் காலை நீட்டி மடக்கி விடும்மா. நிக்கப் பழக்கு. விட்டுட்டா முட்டி மடங்கினபடியே இறுகிடும். அப்புறம் நீட்ட வராது" என்றார். வெதுவெதுப்பான தண்ணீருக்கு எங்கே போக? கிணறு எழுபதடி ஆழம், பாம்பு மாதிரிச் சில்லிட்டுக் கிடக்கும். பரமத்தி வேலூருக்கு பஸ் ஏறிக் காவிரிக்கும் தூக்கிப்போய்ப் பார்த்தேன். ஆற்றின் இழுப்பில் பிள்ளையைப் பிடித்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வாரத்துக்கு ஒருநாள் வந்துபோகும் விருந்தாளி. அதனால் நானே அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏரிக்கு நடந்தேன்.

முதல் வருஷம் சித்திரையில் ஏமாந்தேன். மேல்தண்ணீர் கையை வைத்தால் கொதிக்கிறது, ஆகா என்று இறங்கினேன். இடுப்பு வரைக்கும்தான் அந்தச் சூடு. முட்டிக்குக் கீழே கிணற்றுத் தண்ணீர்தான். சூடு வேண்டிய காலுக்கு அது கிடைக்கவில்லை. ஆடியில் காற்று ஏரியைப் போட்டுக் கலக்கு கலக்கு என்று கலக்கி, பகலிலேயே நடுக்கமெடுக்க வைக்கும். ஐப்பசி மழையில் சேறு கரைந்து செந்தண்ணீர் வரும், அதில் காலே வைக்க முடியாது. மார்கழி விடியலில் ஏரி ஆவி பறக்கும், உள்ளே இறங்கினால் போர்வைக்குள் புகுந்த மாதிரி இருக்கும். ஆனால் வெளியே தூக்கியதும் பிள்ளையின் உதடு நீலம் பாரித்துவிடும். பங்குனிதான் மாதம். படித்துறைக்குப் பக்கத்தில், சாயங்காலம், மேலேயும் கீழேயும் ஒரே சூடு.

அந்தப் பங்குனித் தண்ணீரில்தான் அவள் நின்றாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. கழுத்துவரை தண்ணீர், இரண்டு பாதமும் தரையில். நான் கையை எடுத்துவிட்டேன். "அம்மா, நான் நிக்கறேன் பாருங்க!" என்று கத்தினாள். படகில் போன ஒரு சேலத்து அம்மாள், "ஐயோ, குழந்தை முழுகுது" என்று அலறினாள். "எம்புள்ள நிக்குது, வாயை மூடிட்டுப் போங்க" என்று நானும் கத்தினேன். சந்தோஷம் வந்தாலும் எனக்குச் சண்டைதான் வாயில் வரும்.

கரைக்குத் தூக்கினால் கால் துவண்டுவிடும். போகட்டும், தண்ணீரில் நின்ற கால் ஒருநாள் தரையிலும் நிற்காதா என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து வானம் பொய்த்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. அடுத்த வருஷம் சித்திரையில் ஏரி முழங்காலளவுக்கு வற்றிச் சேறாகக் கொதித்தது. மீன் செத்து மிதந்தது. படகுகளைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். ஆனியில் ஏரிக்குள் ஆடு மேய்ந்தது. வீட்டில் அண்டாவில் வைத்துப் பழக்கலாமென்றால் குடிக்கவே தண்ணீர் இல்லை. கட்டிலில் போட்டு எண்ணெய் தேய்த்து நீட்டி நீட்டி விட்டேன். பிள்ளை வலியில் கதறும். "அம்மா, வேண்டாங்க, விட்டுருங்க" என்பாள். பெற்றவள் கை அல்லவா, பாதியில் நின்றுவிடும். முட்டி கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது என் விரலுக்கே தெரிந்தது.

இரண்டாம் வருஷமும் மழை இல்லை. ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுக்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போய் உப்பில்லாத சோறு வாங்கி, காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்து ஒன்றாகப் பிசைந்து தின்பார்கள். பிறகு, 'மழை இல்லை, ஊரை விட்டுப் போகிறோம்' என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். பாதிப்பேர் முந்தானைக்குள் சிரித்துக்கொண்டே அழுவதுதான் வழக்கம். நானும் போனேன். நாங்கள் உட்கார்ந்தது என் மகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில். வெடித்த தரையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோனது. மண்ணில் விழுந்து புரண்டேன். வானத்தைப் பார்த்து, சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். சுற்றியிருந்தவர்கள் அசந்துபோனார்கள். "ஏனுங்கக்கா, இப்படித்தானுங்க அழுவோணும்! இந்த அழுகைக்கு மழை வந்தே தீருமுங்க" என்று ஒருத்தி என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். நான் மழைக்கு அழுகிறேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழையும் வந்தது. அந்த ஐப்பசியில் ஏரி கரை முட்ட நிறைந்தது. தெருவில் போனால், "உங்க அழுகைக்குத்தானுங்க வானம் எறங்குச்சு" என்றார்கள். நானும் அதை நம்பித் தொலைத்தேன். அழுதால் மழை வரும் என்றால் கால் வராதா? செந்தண்ணீர் தெளியட்டும், பனி போகட்டும் என்று பங்குனிக்குக் காத்திருந்தேன்.

அவளுக்கு எட்டு வயது நடந்தது. இடுப்பில் தூக்க முடியவில்லை, அவள் அப்பா தோளில் சுமந்து வந்தார். படகுகள் மறுபடி ஓடின. தண்ணீருக்குள் காலை வைத்தேன். மேலேயும் கீழேயும் ஒரே சூடு, கடுகளவு குறை சொல்ல முடியாத தண்ணீர். அவளை வாங்கி, முன்பு அவள் நின்ற இடத்திலேயே இறக்கினேன். முட்டி இரண்டும் மடங்கியபடியே இருந்தது. அழுத்தினேன். நீளவில்லை. பாதம் தரையைத் தொடவில்லை. தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் மிதந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் உள்ள போலாம்மா. அங்க இன்னுஞ் சூடா இருக்கும், கால் நீண்டுரும்" என்றாள்.

ஆழத்தில் சில்லிப்புத்தான் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் போனேன். மார்பளவுக்குப் போனேன், கழுத்தளவுக்குப் போனேன். "போதும் வா புள்ள!" என்று கரையிலிருந்து அவர் சத்தம் போட்டார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காலை நீட்ட முக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடித்தது.

"இங்க குளிருதும்மா. ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஏரிக்குப் போகலாம் என்று கேட்கவே இல்லை.