கம்ப்யூட்டருக்கு வீசிய காற்று

சூடேறிய தூசியின் வாசனை எங்கே வந்தாலும், தேஹு ரோடு ஸ்டேஷன் அருகே கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருந்த அந்தத் தமிழர் நினைவுக்கு வந்துவிடுகிறார். அவர் சட்டை நனைந்திருக்கும். டேபிள் ஃபேனோ மூடி கழற்றிய கம்ப்யூட்டரின் வயிற்றைப் பார்த்தே சுழலும். காய்ச்சல் பார்ப்பதுபோல் கம்ப்யூட்டரை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் மெயில் பார்க்கப் போன நான், "ஃபேனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்களேன்" என்றேன்.

"நீங்க வேர்த்தா தொடச்சுக்குவீங்க சார். புது கேமை இது தாங்கல. நடுவுல நின்னுச்சுன்னா பசங்க பக்கத்துக் கடைக்குப் போயிடுவானுங்க."

"அடுத்த கேம் இன்னும் பெரிய மெஷின் கேட்டா?" கிளம்பும்போது கேட்டேன்.

சிரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"கேக்கும் சார், மாப்ள வருஷா வருஷம் சீர் கேக்குற மாதிரி. அங்க குடுக்கலன்னா பொண்ணு திரும்பி வந்துடும். இங்க பசங்க திரும்பியே வரமாட்டானுங்க."