ஒரு பெட்டி நீளம்

எங்கள் ஊர் ஸ்டேஷனில் லூப் லைனை நீட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று குஷியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்பது வயது. மேற்கே சுரங்கத்தில் வெட்டிய தாதுமண் எங்கள் ஊர் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகும். இருந்தது ஒற்றைத் தண்டவாளம். எதிரே நாகப்பட்டினம் பாசஞ்சர் வந்தால், சரக்கு ரயில் லூப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும். லூப் நீண்டால் ரயிலும் நீளும். இரண்டு எஞ்சின், அறுபது பெட்டி! பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே இல்லை.

சித்தப்பாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. லூப் முடியும் இடத்தைக் காட்ட, அளக்க வந்த ரயில்வே அதிகாரி அடித்த முளைக்குச்சி அவருடைய நாற்றங்காலின் நடுவில் நின்றது. அந்த இடம் ரயில்வே புறம்போக்கு. அது தன்னுடையது என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் அவர் வாய்தான். ஆனால் வாய்க்கால் தண்ணீர் முதலில் ஏறும் மண் அது. அங்கே விட்ட நாற்று போனால் குறுவையே போயிற்று.

எல்லைக்கல்லை நகர்த்துவது எங்கள் பக்கத்தில் களையெடுப்பு மாதிரி ஒரு வேலை. அளக்க வந்தவர்கள் மத்தியானம் சாப்பிடப் போனதும், சித்தப்பா குச்சியைப் பிடுங்கிப் பதினைந்து தப்படி ஸ்டேஷன் பக்கமாகத் தள்ளி நட்டார். வரப்பில் காவல் நின்றது நான்.

"குச்சிதானே, எங்க நின்னா என்ன?" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த வருஷம் வேலை முடிந்து முதல் நீள ரயில் வந்த காலையில் ஊரே தண்டவாளத்தோரம் நின்றது. காலடியில் தரை அதிர்ந்தது. கத்திக் கத்தி எண்ணினோம். ஐம்பத்தொன்பது பெட்டி லூப்புக்குள் போயிற்று. எஞ்சின் அந்தக் கோடி சிக்னலை முட்டிக்கொண்டு நின்றது. அறுபதாவது பெட்டி மெயின் லைனிலேயே கிடந்தது. தூரத்தில் பாசஞ்சர் வழி கேட்டு ஊதியது.

"என்னங்க சார், பாம்பு உள்ள போயிடிச்சு, வால் வெளில கெடக்குதே!" என்று யாரோ கேட்க, ஒரே சிரிப்பு.

அதிகாரி வரைபடத்தைப் பிரித்துவைத்து வியர்த்தார். "கணக்குப்படி நிக்கணுமே..."

பாவமாக இருந்தது. "உங்க கணக்கு சரிதான் சார்! எங்க சித்தப்பாதான் குச்சியை மாத்தி நட்டாங்க!" என்றேன்.

சிரிப்பு நின்றது. சித்தப்பாவின் தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியது. அதிகாரி அவரைப் பார்த்தார், பச்சைப் பசேலென்ற நாற்றைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"பாப்பாவுக்கு வெயில் ஒத்துக்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

சித்தப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரயிலைப் பின்னுக்குத் தள்ளி முந்தைய ஸ்டேஷனுக்கே அனுப்பினார்கள். பெட்டிகள் குறித்த அளவைவிடச் சற்று நீளம் என்று அறிக்கை போயிற்று. அதன்பின் ஐம்பத்தொன்பது பெட்டிதான். அறுபது ஆகவில்லையே என்று நான் இரண்டு நாள் அழுதேன். நாற்றங்கால் பிழைத்துக்கொண்டது.

பிற்காலத்தில் அதே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். விதி எனக்கு மனப்பாடம்: மண் கொட்டுமுன் ஒருமுறை, தண்டவாளம் போடுமுன் ஒருமுறை, போட்டபின் ஒருமுறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் 'நேரில் அளந்தேன்' என்று எழுதி அதிகாரி கையெழுத்திட வேண்டும். எங்கள் ஊர்க் கோப்பிலும் மூன்று கையெழுத்து இருந்தது.

உண்மையைச் சொன்னதற்குத்தான் பிஸ்கட் கிடைத்தது என்று அன்றைக்கு நம்பினேன்.