சிவப்புக் காருக்கு நீலக் கொடி

என் கணவரிடம் இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியதுதான். ஆனாலும் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்ததைவிட அதைக் கனிவாகப் பார்ப்பார். மேனாம்பேட்டில் எங்கள் தெரு வேகத்தடைகளில் அதன் அடிவயிறு உரசும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கோணலாகத் தவழ்ந்து வெளியே போய் வரும். அதை நான் ஓட்டக் கூடாது. துடைக்கலாம்.

காரணம், நான் தினமும் ஓட்டும் சின்னக் கார். பூந்தமல்லியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். போய் வருகிற வழியில் அந்தக் கார் வாங்காத இடி இல்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரிந்த சாலை விதி ஒன்றே ஒன்றுதான். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நடுவே ஒரு முழம் இடம் விட்டால் ஷேர் ஆட்டோ மூக்கை நுழைக்கும், அதன் பின்னால் ஊரே வந்துவிடும். ஆகவே யாருக்கும் இடம் விடக் கூடாது. கோவைப் பக்கத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த என் கணவருக்கு இது விளங்கியதே இல்லை.

சிவப்புக் காரின் இன்னொரு சாவிக்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. புதியவர்கள் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பழகலாம்.

"அங்க ஒரு நாள் ஓட்டிக் காட்டு கண்ணு. ஒரு கீறல், ஒரு புகார் இல்லாம வந்தீன்னா சாவி உனக்குத்தான்" என்றார். நான் பயந்து பின்வாங்கிவிடுவேன் என்று நினைத்திருக்கிறார். பாவம்.

காலையில் முதலில் வகுப்பு. பின்னால் வேகமாக ஒரு கார் வந்தால் ஓரத்தில் நிற்பவர் நீலக் கொடி ஆட்டுவார், உடனே ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றார்கள். சமர்த்தாகத் தலையாட்டினேன். என் மாணவர்கள் என்னிடம் எப்படித் தலையாட்டுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஹெல்மெட்டுக்குள் தலையைத் திணித்துக்கொண்டு சிவப்புக் காரில் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் பயிற்சியாளர், பொறுமையான இளைஞர். முதல் வளைவிலேயே கண்ணாடியில் ஒரு மஞ்சள் கார் தெரிந்தது. என் கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பி வலப்பக்கத்தை அடைத்தது. அது இடப்பக்கம் வந்தது. அதையும் அடைத்தேன். நீலக் கொடி ஆடியது.

"மேடம், வழி விடுங்க."

"எதுக்கு விடணும்? அவருக்கு மட்டும்தான் அவசரமா?"

"மேடம், இது ரேஸ் இல்ல. விட்டா உங்களுக்கும் நல்லது."

காதிலேயே வாங்கவில்லை. அடுத்த சுற்றிலும் நீலக் கொடி ஆடியது, நானும் அசரவில்லை. அதற்கடுத்து வந்தது கறுப்புக் கொடி. ஓட்டியது போதும், உள்ளே வா என்று அர்த்தம்.

உள்ளே இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார் கொடிக்காரர்களின் மேற்பார்வையாளர். "இன்னாம்மா, பாடி பாலத்துல போறோம்னு நென்ச்சிகினியா? பின்னாடி கல்யாண ஊர்கோலம் மாரி வண்டி வந்துகினு கீது. இன்னொரு தபா கொடி காட்ட வெச்சே, ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவள் போல நின்றேன். கோபமும் அவமானமுமாக முகம் எரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என் கணவர் அந்த இன்னொரு சாவியைச் சட்டைப் பையில் போட்டு மேலே கையையும் வைத்துக்கொண்டார். "இதைப் புகார்ல சேக்கலாமா?" என்று கேட்டார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். சரி, இதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார்.

மதியம் மறுபடி போனேன். அதே மஞ்சள் கார் பின்னால் வந்தது. ஒதுங்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் போனேன். தாண்டிப் போனவர் ஜன்னல் வழியே கையை உயர்த்தி நன்றி சொன்னார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இத்தனை வருஷத்தில் சாலையில் யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை. அதன்பின் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. வந்தவருக்கெல்லாம் வழிவிட்டேன். வெகு தூரத்தில் நிதானமாக வந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக் காருக்காகவும் காத்திருந்தேன்.

"மேடம், அவர் கேக்கவே இல்ல" என்றார் பயிற்சியாளர்.

எல்லோரும் போய்விட்டார்கள். முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. இப்படி ஒரு சாலையை நான் பார்த்ததே இல்லை. அழுத்தினேன். வளைவுகளில் அந்தச் சிவப்புக் கார் நான் நினைத்த இடத்துக்கு நினைத்தபடி போனது. வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"சோக்கா ஓட்னம்மா" என்றார் மேற்பார்வையாளர். கீறலும் இல்லை, புகாரும் இல்லை. என் கணவர் பையிலிருந்து சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தார். அவர் கொடுத்த வாக்கு வாக்குதான், ஒத்துக்கொள்கிறேன். நல்ல மனுஷர்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பூந்தமல்லிக்குள் நுழைந்ததும் ஒரு ஷேர் ஆட்டோ மூக்கை நீட்டியது. ஒதுங்கி வழிவிட்டேன். பின்னாலேயே இரண்டு பைக், ஒரு தண்ணீர் லாரி, ஒரு பஸ். எல்லோருக்கும் விட்டேன். ஒருவரும் கை தூக்கவில்லை. பரவாயில்லை, மெல்லப் பழகிக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன். சிக்னல் இரண்டு முறை பச்சையாகிச் சிவப்பானது.

என் கணவர் சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். "அட, விடாத கண்ணு! முன்னாடி ஏத்து! எவனுக்கும் எடம் குடுக்காத!"

அடுத்து இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். அவருக்கும் நின்றேன்.

"நீ இறங்கு, நான் ஓட்டறேன். சாவியைக் குடு" என்று கையை நீட்டினார் என் கணவர்.

அவருக்கு மட்டும் வழிவிடவில்லை.