கொலைகாரனுக்கு ஒரு விரல் மரியாதை

எனிட் ஸ்டப்ஸ் அளவுக்குக் கொலைகாரர்களைப் பிடித்தவள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலேயே கிடையாது. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பேர். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன், நாற்பது இருக்கும். அவர்களையும் பிடித்தது இன்ஸ்பெக்டர் டன்னக்தான். ஆனால் டன்னக்கை அவர்கள் இருக்குமிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் எனிட். போகிற வழியெல்லாம் எனிட்டேதான் டன்னக்.

ஞாயிறு மாலை தவறாமல் நாடே டீக் கோப்பையோடு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்த துப்பறியும் தொடரின் நாயகன் டன்னக். நீளக் கோட்டு, தொப்பி, மீசை, ஒரு பழைய பச்சைக் கார். டன்னக்காக நடித்த ரூபர்ட் கார்லியன் முறைத்தால் எதிராளி செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்வான். கார் ஓட்ட மட்டும் அவருக்குத் தெரியாது. முதல் நாளே அந்தக் காரை எங்கள் ஊர் வாத்துக் குளத்தில் இறக்கிவிட்டார். வாத்துகள் ஒரு வாரம் முட்டையிடவில்லை.

அவருக்குப் பதிலாக ஓட்ட, அவரைப் போலவே நல்ல உயரமும் ஒல்லியுமாக, முரட்டு கியரை அடக்கத் தெரிந்த ஓர் ஆளைத் தேடினார்கள். எனிட் முப்பது வருடம் இந்த மலைச்சாலைகளில் பால் லாரி ஓட்டியவள். அறுபது வயதில் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டே மாதத்தில் சமையலறை அலமாரியை ஏழு முறை மாற்றி அடுக்கியிருந்தாள். கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. ஒட்டு மீசையை நீட்டியபோதுதான் முகம் சுளித்தாள்.

"இது எதுக்குங்க? ரெண்டு வாரம் குடுங்க, நானே வளத்துத் தர்றேன்."

அன்றிலிருந்து தூரத்தில் கார் பறந்தால் உள்ளே எனிட். முகம் தெரிகிற காட்சி என்றால், நிற்கிற காரில் கார்லியன் உட்கார, வெளியிலிருந்து இரண்டு பேர் அதை ஆட்டுவார்கள். ரகசியம் ஊரைத் தாண்டவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டால், "கார்லியனா? ரேஸ்காரர் கெட்டார் போங்க!" என்று பப்பில் எல்லோரும் முகம் மாறாமல் சொல்வார்கள்.

எங்கள் சாலைகளில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். அதுதான் வணக்கம். தூக்காமல் போனால், 'அவளுக்கு என்ன கோபம்?' என்று சாயங்காலத்துக்குள் ஊரே விசாரிக்கும். இரண்டு விரலைப் பிரித்துப் புறங்கையைக் காட்டினால் அது வேறு; அச்சில் ஏற்ற முடியாத வசவு. எனிட்டின் விரல் அவளைக் கேட்காமலே எழும்பும்.

ஒன்பதாவது வருடம் லண்டனிலிருந்து பியர்ஸ் என்று ஒரு புது இயக்குநர் வந்தார். துரத்தல் காட்சி. கொலைகாரனின் வேனை ஓட்டியது பக்கத்து ஆட்டுப் பண்ணை ஆர்னால்டு. அவர் ஒரு மாதமாக எனிட்டோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று அவளுக்குத் தெரியாது. மலை வளைவில் வேன் திரும்பி எதிரே பாய்ந்து வர வேண்டும், டன்னக் அசையாமல் ஓட்ட வேண்டும்.

வேன் வந்தது. டன்னக் விரலைத் தூக்கினார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி தூக்கினார். மூன்றாவது தடவையும் அதே.

"மிஸஸ் ஸ்டப்ஸ், அவன் மூணு பேரைக் கொன்னவன்!"

"தெரியுது தம்பி. ஆனா அது ஆர்னால்டு ஆச்சே."

பியர்ஸ் அந்த விரலை ஸ்டீயரிங்கோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டச் சொன்னார். ஒட்டிய விரல் சமர்த்தாக இருந்தது. இடக்கை விரல் எழும்பியது.

"போதும்! நாளைலேருந்து லண்டன் டிரைவர் வர்றாரு."

எனிட் காரை விட்டு இறங்கினாள். மீசையைப் பிய்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கார் சாவியைக் கொடுக்கத்தான் கை வரவில்லை. சாவி போனால் மறுபடி அந்த அலமாரிதான்.

ஓரத்தில் பன்றிக்கறி பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்த கார்லியன் கோட்டிலிருந்த துகளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"பியர்ஸ், அந்த விரல் என்னுது."

"என்ன சார் சொல்றீங்க?"

"டன்னக்கோட விரல்யா! கொலைகாரனே எதுக்க வந்தாலும் மரியாதையை விடமாட்டாரு. மரியாதை முதல்ல, கைவிலங்கு அப்புறம். நான்தான் எனிட்டை அப்படிச் செய்யச் சொன்னேன். வாங்க, கிட்டத்துலேருந்து என்னையும் எடுங்க."

அண்டப்புளுகு. அந்த வழக்கமே அவருக்குத் தெரியாது. இந்த ஊர்ச் சாலையில் ஒரு நாளாவது ஓட்டியிருந்தால்தானே! காரில் ஏறும்போது எனிட்டின் காதருகே குனிந்தார்.

"எந்த விரலும்மா?"

"ஆள்காட்டி. ஒண்ணே ஒண்ணு. தப்பித் தவறி ரெண்டைத் தூக்கிடாதீங்க, மானம் போயிடும்."

இரண்டு பேர் காரை ஆட்டினார்கள். கார்லியன் கல் மாதிரி முகத்தோடு ஒரு விரலைத் தூக்கினார். பியர்ஸ் திரும்பத் திரும்ப அதைப் போட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, மீசையை எனிட்டிடமே நீட்டினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுவாரம் நாடு முழுக்க ஆள்காட்டி விரல்கள் எழும்பின. எனிட் இன்னும் நாலு வருடம் கொலைகாரர்களைத் துரத்தினாள், ஒருவருக்கும் வணக்கம் வைக்கத் தவறாமல். விரல் எழும்பிய அந்த முதல் காட்சியை இன்றைக்கும் மறு ஒளிபரப்பில் பார்க்கலாம். மலை வளைவு, பச்சைக் கார், எழும்பும் விரல். எதிரே வருகிற கொலைகாரனும் மனம் இளகி, பதிலுக்கு ஒரு விரலைத் தூக்குவான்...

"எது, ஒரு விரலா?" பப்பில் நான் சொன்ன கதை இங்கே வந்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து ஆர்னால்டு குறுக்கிட்டார். "நல்லாப் பாரு, ரெண்டு! என் ஏணியை வாங்கிட்டுப் போனவ இன்னும் திருப்பித் தரலை."