பூஜ்யம் போட்ட தாள்கள்

உட்கார்ந்திருப்பதற்குக் கூலி என்றால் மம்சாபுரத்தில் யார்தான் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கண்மாய்க் கரையில், துத்திச் செடிகளுக்கு முன்னால், பேச்சுத் துணைகூட இல்லாமல் உட்கார்ந்திருக்க ஏசம்மாளைத் தவிர ஒருத்தருக்கும் பொறுமை இல்லை. அவளிடம் இருந்ததும் பொறுமை இல்லை. மகன் மெர்வின் பைக்கில் போய் அடிபட்டுச் செத்து ஏழு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவளை எங்கே உட்கார வைத்தாலும் அங்கேயே இருப்பாள். அழுகைகூட வரவில்லை. ஆள் முழுசும் மரத்துப்போயிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஹெப்சிபா தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வாசலில் மூடி வைத்துவிட்டுப் போவாள். ஏசம்மாள் தின்றுவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்த இடத்திலேயே வைப்பாள். யாராவது வந்து பார்க்கிறார்களா என்று சர்ச்சிலிருந்து வந்த சபை ஐயர் கேட்டபோது, ஒருத்தரும் வரவில்லை என்று சொன்னாள். பொய் சொல்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

வேலை கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் காலேஜ் டீச்சர் ஹம்ஸா. மலையடிவாரத்தில் துத்திப் பூ அகலமாக இருக்கிறது, கண்மாய்ப் பக்கம் சிறுத்துக் கிடக்கிறது. வரும் பூச்சியைப் பொறுத்துப் பூவின் அளவு மாறுகிறதா என்பது அவளுடைய ஆராய்ச்சி. முதல் நாள் அடிவாரத்துக்குக் கூட்டிப்போய், பூவை ஸ்கேல் வைத்து அளக்கவும், வந்து விழும் கருவண்டுகளை எண்ணவும் காட்டிக்கொடுத்தாள். மறுநாளிலிருந்து கண்மாய்க் கரையில், சாயங்காலம் பூ விரிந்ததும் ஏசம்மாள் அதேபோல அளந்தாள், பார்த்தாள், எழுதினாள். அடிவாரத்தில் இருபத்தேழு மில்லிமீட்டர் இருந்த பூ இங்கே இருபதைத் தாண்டவில்லை. பூச்சிக் கட்டத்தில் நாற்பது நாளும் பூஜ்யம்.

தாள்களைப் புரட்டிய ஹம்ஸா, கண் அசந்துவிட்டீர்களா அக்கா என்று தணிந்த குரலில்தான் கேட்டாள். கொஞ்ச நாளாக ஏசம்மாளுக்கே அந்தப் பயம் இருந்தது. பூச்சி வரவில்லையா, இல்லை வந்தும் தனக்குத்தான் தெரியவில்லையா? வேலை போனால் போகட்டும். கண் திறந்திருந்தும் எதுவும் உள்ளே போகவில்லை என்றால் தானும் மெர்வினோடு செத்துத்தானே போயிருக்கிறோம்?

"செத்த நேரம் நீங்களும் இருந்து பாருங்க டீச்சர்," என்றாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் போனது. கருவண்டு ஒன்றும் வரவில்லை. பூவைச் சுற்றிக் கறுப்பாக நாலைந்து பொடிசுகள் பறந்தன. ஏசம்மாள் வழக்கம்போலக் கையை வீசி விரட்டினாள். ஹம்ஸா சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது கொசு இல்ல, கொசுத்தேனீ. இத்தனூண்டு பூவுக்கு இதுதான் வரும்."

"இதா? இது தெனமும் வரும் டீச்சர். நாந்தான் வெரட்டி வெரட்டி விட்டேன்."

நாற்பது நாள் கணக்கும் வீண், நாளையிலிருந்து புதிதாக ஆரம்பிக்கலாம் என்று சொல்லி ஹம்ஸா பஸ்ஸுக்குப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஏசம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று உறைத்தது.

வீட்டு வாசலில் கிண்ணம் இருந்தது. அதைத் திறக்காமலே கையில் எடுத்துக்கொண்டு போய் ஹெப்சிபா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏட்டி, எம்புட்டு நாளா கொண்டாந்து வைக்க?"

ஹெப்சிபா கொஞ்சம் யோசித்தாள். "எண்ணலையேக்கா," என்றாள்.