சிவப்பு சுவிட்சில் வைத்த பொட்டு

என் மகன் கேம் ஆட ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வாங்குகிறான் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "பில்ட் பண்றேன்மா" என்று திருத்துவான். போன வாரம் முழுக்க அட்டைப் பெட்டிகளாக வந்து இறங்கின. கேபினெட்டுக்குப் பக்கவாட்டில் கண்ணாடி வேறு. உள்ளே விசிறிகள் நீலமும் ஊதாவுமாக, தேர்த் திருவிழா சீரியல் செட் மாதிரி மின்னுகின்றன. டிஸ்ப்ளே கார்டு முழங்கை நீளம் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டு உட்கார்ந்தவள்தான், கையிலிருந்த காபி ஆறிப்போகும் வரை எழுந்திருக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது விலையைப் பற்றி இல்லை. மதர்போர்டின் உறையை அவன் கிழித்தபோது குப்பென்று ஒரு புது வாசனை வந்தது. அதோடு சந்தனமும் கருகல் வாடையும் வந்ததாக எனக்கு மட்டும் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த 'டமால்' என் காதை விட்டுப் போகவில்லை என்றால் பாருங்களேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் இருந்தோம். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தெருவில் எனக்குப் பெயரே கம்ப்யூட்டர் மேடம். மேடத்துக்குத் தெரிந்ததெல்லாம் செருப்பை வாசலில் விடச் சொல்வதும், மானிட்டருக்கு உறை மாட்டுவதும், கரும்பலகையில் கட்டம் கட்டமாகப் படம் வரைவதும்தான். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் மட்டும் கெட்டிக்காரி.

அப்பா டெலிபோன் ஆபீஸில் கிளார்க். எங்கள் மொட்டை மாடிக்கு மேலே விமானப்படையின் பயிற்சி விமானங்கள் உறுமிக்கொண்டு போகும். அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய் அண்ணாந்து பார்ப்பார். வாலிபத்தில் பைலட் ஆக எழுதிப் போட்டு, கண்ணாடி போட்ட ஆள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்தக் கதையை அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள், அப்பா சிரிக்க மாட்டார். மற்றபடி மகா சிக்கனம். ஆள் இல்லாத அறையில் ஃபேன் சுற்றினால் வீடே ரெண்டுபடும்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒருநாள் காலையில், "ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும். நீ கூட வாம்மா" என்றார். என் தொழிலுக்குத்தான் வாங்கித் தரப்போகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் சேகர் அண்ணா என்று ஒருவர் இருந்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து சாமான் வாங்கி வந்து, தன் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பார். சாயங்காலம் போனோம். தரையில் துணி விரித்து, இட்லிக் கடை மாதிரி வரிசையாகச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "லெட்டர் அடிக்கிற அளவுக்கு இருந்தாப் போதும் அண்ணா" என்றேன்.

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிளேன் ஓட்ற கேம் நல்லா ஓடணும் சேகர். ஜாய்ஸ்டிக் வேணும். சவுண்ட் கார்டு வேணும். இன்ஜின் சத்தம் தெளிவா கேக்கணும்" என்றார்.

ஐம்பத்தாறு வயசில் கேமா? சேகர் அண்ணா வழக்கமான யோசனையைச் சொன்னார். அந்தக் காலத்தில் அசெம்பிள் பண்ணுகிற எல்லோரும் எல்லோருக்கும் சொல்வது அது. "சார், இப்போ இன்னாத்துக்கு பெரிய டிஸ்ப்ளே கார்டு? சின்னதா போட்டுக்கினு ஓட்டுங்க. ராமும் கம்மியா போதும். அடுத்த வருசம் வெல எறங்கும், மாத்திக்கலாம். ஸ்லாட்டு காலியா கீது."

"அடுத்த வருஷம் எனக்குக் கண்ணு இருக்காது சேகர்" என்றார் அப்பா. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரல். "கண்ணுல பிரஷர். பார்வை ஓரத்துலேர்ந்து தேஞ்சுகிட்டே வருதாம். இனிமே சரி பண்ண முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எதைப் போடணுமோ இப்பவே போட்ருங்க."

நான் அங்கே, ஊரான் வீட்டுத் தரையில், கையில் ஒரு ராம் மெமரி அட்டையை வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். சேகர் அண்ணா எடுத்து வைத்திருந்த சின்ன கார்டை உள்ளே தள்ளிவிட்டு, அலமாரியிலிருந்து பெரியதை எடுத்தார்.

திரும்பும்போது அப்பா ஸ்கூட்டர் சாவியை என்னிடம் நீட்டினார். அதுவரை அதைத் தொடக்கூட விட்டவர் இல்லை. "அம்மாகிட்ட சொல்லாதே. பயப்படுவா" என்றார். கண் கலங்கி ரோடே தெரியாமல்தான் பாதி வழி, சேலையூர் வரை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஜை மேல் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. அம்மாவுக்கு எந்த மெஷின் வந்தாலும் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தாக வேண்டும். கிரைண்டர், ஃபிரிட்ஜ், தையல் மெஷின், ஸ்கூட்டர் எல்லாம் அந்த மரியாதையைப் பெற்றவைதான். அன்றைக்கு மானிட்டருக்கு வைத்தாள், கீபோர்டுக்கு வைத்தாள், சந்தனக் கிண்ணத்தோடு பின்பக்கமும் போனாள். "கரண்ட் வர்ற எடந்தானே இதுக்கு உயிரு" என்றாள்.

அங்கே ஒயர் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் நகமளவு ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 230, நம்மூர்க் கரண்டுக்கு. நகர்த்தினால் 115, நம்மில் பாதிக் கரண்டு வருகிற வெளிநாட்டுக்கு. அம்மா அதன் மேல் பார்த்து அழுத்தி வைத்திருக்கிறாள். சந்தனம் இடுக்கில் ஈஷிக்கொள்ள, நகத்தால் வழித்திருக்கிறாள். சுவிட்ச் 115 பக்கம் நகர்ந்ததை யார் கண்டார்கள்?

கற்பூரம் காட்டி முடிந்தது. அப்பா ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் பட்டனை அழுத்தினேன். டமால். வெள்ளைப் புகை. வீட்டில் கரண்ட் போயிற்று. அப்பாவின் கை ஜாய்ஸ்டிக்கை விடவில்லை.

சொல்லி அனுப்ப, சேகர் அண்ணா வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இங்க யாரு சந்தனம் வெச்சது?"

அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை. "உனக்கு எல்லாத்துலயும் பொட்டுதானா? அப்பாவுக்குக் கண்ணு போயிட்டே இருக்கும்மா" என்று கத்தியேவிட்டேன்.

"எனக்குத் தெரியாதாடீ?" என்றாள் அம்மா. "ஆறு மாசமா தட்டுல ஓரத்துல வெக்கிற பொரியலை அவர் தொடறதே இல்ல. இப்பல்லாம் நடுவுல, சோத்து மேலதான் வெக்கிறேன். அவர் கண்ணுக்கு வேண்டிக்கிட்டுத்தான் அந்தப் பொட்டையும் அங்க பாத்து வெச்சேன்."

அப்பாவுக்கு முகமே மாறிப்போயிற்று. தட்டைத் தினமும் பார்த்தவர், பொரியல் நடுவுக்கு வந்ததைக் கவனிக்கவே இல்லை. நானும் அதே வீட்டில் தினமும் மூன்று வேளை சாப்பிட்டவள்தான்.

நல்லவேளை, பவர் சப்ளை பெட்டி மட்டும்தான் போயிருந்தது. சேகர் அண்ணா மறுநாளே வேறு மாட்டி, அந்தச் சிவப்பு சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுப் போனார். அப்பா பறந்தார். பதினான்கு மாதம் கழித்து, நடுவில் தெரிந்ததும் மங்கத் தொடங்கியபோது அம்மா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டாள். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பவே என்னைக் கூப்பிடுகிறவள், "ஏங்க, இடது பக்கம் மலை வருது, தூக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தாள். கடைசியில் திரை முழுக்கவே அவருக்கு இருட்டான பிறகும் இன்ஜின் சத்தத்தை வைத்து அவர் ஓட்டுவார், அம்மா பார்த்துச் சொல்வாள். ஒருநாள்கூட ஒழுங்காகத் தரையிறங்கியதில்லை. மோதிவிட்டு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

இப்போது இருவரும் இல்லை. சேகர் அண்ணா பூட்டிக் கொடுத்த முன்னறை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது.

நேற்று மகன் கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தான். "கார்டு இப்போதைக்குப் போதும்மா, அடுத்த வருஷம் அப்கிரேட் பண்ணிக்கலாம்" என்றான். எனக்குச் சுரீரென்றது. சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தடவிப் பார்த்தேன். அந்தச் சிவப்பு சுவிட்சைக் காணோம்.

"அது இப்பல்லாம் கிடையாதும்மா. எந்தக் கரண்டுன்னு அதுவே பாத்துக்கும்."

சரி என்றேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் தட்டின் ஓரத்தில் பொரியலை வைத்துவிட்டு, அவன் கை அந்தப் பக்கம் போகிறவரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.