எதிரியை விரட்டும் தகடு

கொட்டாஞ்சேனைப் பழம்பொருள் கடையில் வாங்கிய செப்புத் தகட்டோடு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். காலி வீதிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்குகிறார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்த சிப்பாய் பையையும் திறக்கிறான். தகட்டில் கட்டங்கள், சூலங்கள், தமிழ் எழுத்துகள். நடுவே பல்லை இளிக்கும் ஒரு பேய்.

"என்ன இது? மேப்பா?" அரைகுறைத் தமிழில் அதட்டுகிறான்.

"இல்லை சேர், பழைய சூனியத் தகடு. வீட்டில வச்சால் எதிரி ஊரைவிட்டே ஓடுவானாம். கடைக்காரர் சொன்னவர்."

'எதிரி' வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்குப் புத்தி வருகிறது. சிப்பாய் தகட்டிலிருந்து வெடுக்கென்று கையை எடுக்கிறான். என்னை ஏற இறங்கப் பார்க்கிறான். பிறகு மணல் மூட்டைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிகிறான்.

"அண்ணே, எங்கட மேஜரும் ஓடுவாரா?"